சொல்றதுதான் இஷ்டம்

என் எட்டாம் வகுப்புச் சுவரில் ஓர் அட்டை ஒட்டியிருக்கிறது. பச்சை ஸ்கெட்ச் பேனாவில் நானே எழுதியது: 'ஏன் என்று கேட்கக் கூடாது.' பார்வையிட வரும் அதிகாரிகள் அதன் முன்னால் ஒரு நிமிடம் நின்றுவிடுவார்கள். தமிழை எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்களின் முகம் உடனே மாறும். பிள்ளைகளைக் கேள்வி கேட்க விடாத பழைய காலத்து டீச்சர் ஒருத்தி அகப்பட்டுவிட்டாள் என்று குறிப்பேட்டைத் திறப்பார்கள். நான் விளக்கம் சொல்வதற்குள் பாதிப் பேர் எழுதியே முடித்திருப்பார்கள்.

கேரளத் தலைநகரில், பழவங்காடியிலிருந்து நடந்து போகும் தூரத்தில் எங்கள் பள்ளிக்கூடம். மலையாளப் பள்ளிக்கூடம்தான், வகுப்புக்கு ஒரு தமிழ் டிவிஷன் மட்டும் உண்டு. எட்டு, ஒன்பது, பத்து மூன்றிலும் தமிழ் டிவிஷனுக்குச் சமூக அறிவியல் எடுப்பவள் நான். கோட்டைப் பக்கத்துக் கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகள், எல்லைப் பக்கத்திலிருந்து காலை ரயிலில் வருகிறவர்கள், பொன்முடி எஸ்டேட்டிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற இரண்டு மூன்று பேர், இவ்வளவுதான் வகுப்பு. நானும் பாறசாலையில் ஏறுகிற காலை ரயில்காரிதான். வீட்டில் ஒரு தமிழ், மைதானத்தில் மலையாளம், பரீட்சைத் தாளில் இன்னொரு தமிழ் என்று வாழ்கிற பிள்ளைகள். ஒருவனுக்குக் காதில் கருவி, ஒருத்திக்குப் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார முடியாது, பாதிப் பேருக்குப் புத்தகத் தமிழ் பிடிபடாது. பல வருடம் எல்லோருக்கும் ஒரே பாடத்தை ஒரே மாதிரி எடுத்து, எல்லோரையும் ஒரே மாதிரி எழுதச் சொல்லி, எழுத முடியாதவர்களைத் திட்டிக்கொண்டிருந்தேன். திட்டுவதில் நான் கெட்டிக்காரி என்று பள்ளியில் பெயர்.

அப்போதுதான் தம்பானூரில் ஒரு லாட்ஜின் மேல்மாடி ஹாலில் மூன்று நாள் பயிற்சி போட்டார்கள். ரயிலை விட்டு இறங்கினால் ஐந்து நிமிட நடை, மதியம் நல்ல சாப்பாடு, வகுப்புக்குப் போக வேண்டியதில்லை. இந்த மூன்று காரணங்களுக்காகத்தான் போனேன். திரையில் அனைவருக்குமான கற்றல் வடிவமைப்பு என்று ஆங்கிலத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பாடத்தைப் பல வழியில் கொடு, பிள்ளையைப் பல வழியில் உள்ளே இழு, தனக்குத் தெரிந்ததைப் பல வழியில் காட்ட விடு என்பது சாரம். ஊனமுள்ளவருக்கென்று தனியாக ஒன்று செய்யாதே, எல்லோருக்கும் உதவுகிற மாதிரி முதலிலேயே செய் என்றார் பயிற்சியாளர். அதற்கு அவர் சொன்ன உதாரணம், கட்டிடங்களில் படிக்குப் பக்கத்தில் போடும் சாய்தளம். நான் அப்போது கொட்டாவியை மறைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று மாலை ரயில் தாமதம். வேறு வேலை இல்லாததால் ஸ்டேஷன் வாசலில் நின்று சாய்தளத்தைப் பார்த்தேன். நான் நின்றவரை ஒரு சக்கர நாற்காலிகூட வரவில்லை. பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தவர்கள், குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிய அம்மா, முட்டி வலிக்காரர் ஒருவர், அவசரமே இல்லாத இரண்டு கல்லூரிப் பெண்கள் என்று எல்லோரும் அதில்தான் ஏறினார்கள். உனக்கு என்ன வியாதி, படி இருக்கும்போது இதில் ஏன் வருகிறாய் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. எனக்குப் பிடித்துப்போனது அதுதான். மூன்று நாள் பேச்சில் கிடைக்காதது அந்த அரை மணி நேரத்தில் கிடைத்தது.

அடுத்த வாரம் எட்டாம் வகுப்பில் ஆரம்பித்தேன். பாடம் முடிந்ததும் பிள்ளைகள் தங்களுக்குத் தெரிந்ததை எழுதிக் காட்டலாம், வரைந்து காட்டலாம், சொல்லிக் காட்டலாம். ஒவ்வொரு நாளும் அவரவர் தேர்வு. மூன்றுக்கும் ஒரே மார்க். நான் உட்பட யாரும் யாரிடமும் 'ஏன் இதை எடுத்தாய்' என்று கேட்கக் கூடாது. அந்த அட்டை அப்படி வந்ததுதான். வகுப்பிலேயே நன்றாக எழுதுகிற பெண் முதல் வாரமே படம் வரையப் போனாள். எஸ்டேட் பையன், மலையில் மஞ்சு ஏறுவதைக் கையை ஆட்டிச் சொல்லி, பருவக்காற்றுப் பாடத்தை எனக்கே எடுத்தான். பக்கத்து மலையாள டிவிஷன் டீச்சர், சத்தம் தாங்கவில்லை என்று இரண்டு முறை வந்து நின்றார்.

இந்த எழுத்து அந்த வகுப்பில் இருந்த ஒரு பெண்ணைப் பற்றியது. அவளுடைய அப்பா பழவங்காடி கணபதி கோயில் பக்கம் தேங்காய்க் கடை வைத்திருந்தார், பக்தர்கள் உடைப்பதற்கு வாங்கும் தேங்காய். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். ஒடிசலான பெண், குரல் மட்டும் பெரிது. அவள் தினமும் சொல்லிக் காட்டுவதைத்தான் எடுத்தாள். ஒரு நாள்கூட எழுதவில்லை. இரண்டாம் வாரமே எனக்குக் காரணம் புரிந்துவிட்டது. கரும்பலகையில் தேதியை எழுதச் சொன்னால் எழுத்துகளைத் தொலைத்துவிட்டுத் தேடுவாள். பாதி எழுத்துக்குக் கால் இருக்காது, கொம்பு இடம் மாறி நிற்கும், ஒரு வரி முடிவதற்குள் வியர்த்துவிடும். காதால் கேட்டது ஒன்றையும் மறக்க மாட்டாள். நான் கேட்கவில்லை. அட்டை சுவரில் இருந்ததே.

பூமியின் உள் அமைப்பு பாடம் வந்தது. நான் கரும்பலகையில் வட்டத்துக்குள் வட்டம் வரைந்து மேலோடு, கவசம், திரவமான வெளிக்கருவம், திடமான உட்கருவம் என்று எழுதிப் போட்டேன். மறுநாள் அவள் உரித்த தேங்காய் ஒன்றையும் ஸ்டீல் பாத்திரம் ஒன்றையும் கொண்டுவந்தாள். முளை விட்ட காய். முளைத்ததைக் கோயிலில் உடைக்க யாரும் வாங்க மாட்டார்கள், கடையில் ஒதுக்கிப் போட்டிருப்பார்கள். வகுப்பு வாசற்படியில் ஒரே தட்டு, சரிபாதியாகப் பிளந்தது. பாத்திரத்தில் நீரைப் பிடித்துக்கொண்டாள். சிரட்டை மேலோடு, பருப்பு கவசம், தண்ணீர் வெளிக்கருவம், உள்ளே உட்கார்ந்திருந்த வெள்ளைத் தேங்காய்ப் பூ உட்கருவம். சாதாரணத் தேங்காயில் நடுவில் கட்டியாக ஒன்றும் கிடையாது, அதனால்தான் முளைத்ததைத் தேடி எடுத்ததாகச் சொன்னாள். "தொலிச்ச காய்தான் சரி டீச்சர். மட்டையோட எடுத்தா ஓடு ரொம்பக் கனமாயிரும். பூமிக்குத் தோலு அவ்வளவு கனம் கிடையாதுல்லா."

பதினெட்டு வருடமாக நான் அந்தப் பாடத்தை எடுக்கிறேன். எனக்கு ஒரு நாளும் தேங்காய் தோன்றவில்லை. உட்கருவத்தைப் பிள்ளைகள் பங்குபோட்டுத் தின்றார்கள். நான் முழு மார்க் போட்டேன். அன்று ரயிலில் ஊர் வந்து சேரும்வரை அதையே நினைத்துக்கொண்டு போனேன். அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினேன் என்றுகூடச் சொல்லலாம். மற்ற டீச்சர்களிடமும் பேசி, அந்தப் பெண்ணிடம் வாயால் கேட்டு மார்க் போடச் சம்மதிக்க வைத்தேன். பருவத் தேர்வுகளில் அவள் சொல்லச் சொல்ல விடைத்தாளில் நானே எழுதினேன். நோட்டுப் புத்தகத்தை அவள் பெஞ்சுத் தோழி, முத்து முத்தான கையெழுத்து உள்ளவள், தன் நோட்டோடு சேர்த்து எழுதிக் கொடுத்துவிடுவாள். கேட்டால் எனக்கு இரண்டு தடவை எழுதினால்தான் மனதில் நிற்கும் என்பாள். ஏற்பாடு எல்லோருக்கும் வசதியாக இருந்தது.

வாரத்தில் இரண்டு நாள் எங்கள் பள்ளிக்கு ஒரு ரிசோர்ஸ் டீச்சர் வருவார். தனிக் கவனிப்பு தேவைப்படும் பிள்ளைகளைப் பதிவேட்டில் சேர்த்து, தனியாக உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பது அவர் வேலை. இளம் வயது மலையாளிப் பெண். அவரும் முதல் மாதமே கண்டுபிடித்துவிட்டார். இது எல்.டி. மாதிரி இருக்கிறது, கற்றல் குறைபாடு, இப்போதே பதிவேட்டில் ஏற்றிவிடலாம் என்று வந்து நின்றார். நான் மறுத்துவிட்டேன். என் வகுப்பில் யாருக்கும் முத்திரை குத்துவதில்லை, என் வகுப்பில் அவளுக்குக் குறை ஒன்றும் இல்லை என்று ஒரு சின்னச் சொற்பொழிவே நடத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, டீச்சரால் வகுப்பை மாற்ற முடியும், பரீட்சையை மாற்ற முடியாதே என்று மட்டும் சொன்னார். அவள் அம்மாவையும் கூப்பிட்டு, பிள்ளைக்கு ஒரு குழப்பமும் இல்லை, கோளாறு ஒன்றும் கிடையாது, கெட்டிக்காரி, கவலைப்படாதீர்கள் என்று அனுப்பிவைத்தேன். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இரண்டு வருடம் போயிற்று. பத்தாம் வகுப்பு வந்தது.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் மூன்று வழி கிடையாது. எழுத வேண்டும், அவ்வளவுதான். எழுத முடியாதவர்களுக்குச் சொல்வதை எழுத ஒரு ஆளும், கூடுதல் நேரமும் கொடுப்பார்கள். அதற்குச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழுக்கு மதிப்பீடு வேண்டும். ஜூன் கடைசியில் ஹெட்மிஸ்ட்ரஸ் அறையில் பட்டியல் தயாரித்தபோது ரிசோர்ஸ் டீச்சர் என்னைப் பார்த்தார். அவளுக்கு எழுத ஆள் கிடைக்காவிட்டால் தோல்வி நிச்சயம். தோற்றால் படிப்பை நிறுத்திவிட்டுக் கடையில் உட்காரட்டும் என்று அவள் அப்பா ஏற்கெனவே சொல்லிவிட்டார். அவளுக்கோ பெஞ்சுத் தோழியோடு பிளஸ் ஒன் சேர வேண்டும். எந்தப் பள்ளி, எந்தப் பஸ் என்பதுவரை இரண்டு பேரும் முடிவு செய்து வைத்திருந்தார்கள்.

ஜூலையில் ஒரு நாள் நானும் அவளும் அவள் அம்மாவும் நகரத்திலிருந்த மதிப்பீட்டு மையம் ஒன்றுக்குப் போனோம். உளவியல் மதிப்பீட்டாளர் நடுவயதுப் பெண்மணி, நிதானமானவர், அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. எழுதவும் படிக்கவும் வைத்துப் பார்க்கும் தாள்கள் அவரிடம் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் இருந்தன. தமிழில் இல்லை. தமிழ் மீடியத்துப் பிள்ளை மலையாளத்தில் தடுமாறினால் அது குறைபாடா, பழக்கமின்மையா என்று எப்படிச் சொல்வது? அதனால் இரண்டு வருடத்துத் தமிழ் நோட்டுகளையும் விடைத்தாள்களையும் கேட்டார். எடுத்து வைத்தேன். எல்லாம் முத்து முத்தான கையெழுத்து. பருவத் தேர்வுத் தாள்களைப் புரட்டிவிட்டு, இது யாருடைய எழுத்து என்று கேட்டார். என்னுடையது என்றேன். பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்றார். இல்லை என்றேன். மார்க் பட்டியலைப் பார்த்தார். எல்லாம் நல்ல மார்க். என் மூக்கு அங்கேயே உடைந்தது.

கடைசியில் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, தமிழும் மலையாளமும் கலந்து மெதுவாகக் கேட்டார், எழுதுவதில் உனக்கு என்ன கஷ்டம் என்று. அவளுக்குக் கேள்வி புரிந்தது. யோசித்தாள். பிறகு மலர்ந்த முகத்தோடு, "எனக்குச் சொல்றதுதான் இஷ்டம்" என்றாள்.

இஷ்டம் என்ற சொல்லுக்கு இரண்டு மொழியிலும் ஒரே அர்த்தம்தான். அந்த அம்மையார் அதை அப்படியே குறித்துக்கொண்டார். எழுத ஆள் கொடுப்பது முடியாதவர்களுக்கு, இஷ்டமில்லாதவர்களுக்கு அல்ல என்று என்னிடம் ஆங்கிலத்தில் விளக்கினார். ஆனால் அவள் பொய் சொல்லவில்லை. இரண்டு வருடமாக ஒவ்வொரு நாளும் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தவள். தன்னால் ஒன்று முடியாது என்று நினைக்க அவளுக்கு நாங்கள் சந்தர்ப்பமே கொடுக்கவில்லை. அவள் அப்படிச் சொன்னபோது எனக்கு முதலில் வந்தது பெருமைதான், அதை ஒத்துக்கொள்கிறேன். பயம் அடுத்ததாக வந்தது. மூன்று மாதம் அவளே கைப்பட எழுதிய பக்கங்களைத் தேதி போட்டு, பதிவேட்டில் ஏற்றிக் கொண்டுவந்தால் மறுபடி பார்க்கலாம் என்றார் மதிப்பீட்டாளர்.

வெளியே வந்து ஆட்டோவுக்கு நின்றபோதுதான் அந்த அம்மா வாயைத் திறந்தார். "ரெண்டு வருசமா பிள்ளைக்கு ஒரு குழப்பமும் இல்லன்னு நீங்கதானே டீச்சர் சொன்னீய. இப்ப குழப்பம் உண்டுன்னு காயிதம் கிட்டாம அழுதுட்டு நிக்கோம். நான் எதை நம்பட்டும்?" கோபமாகச் சொல்லவில்லை. பதில் தெரிந்துகொள்ள நிஜமாகவே கேட்டார். நான் இரண்டையும் நம்புங்கள் என்றேன். சொல்லும்போதே அது டீச்சர்கள் சொல்கிற பதில் என்று எனக்கே தெரிந்தது.

ஆகஸ்டிலிருந்து தினமும் கடைசி பீரியடில் ரிசோர்ஸ் அறையில் உட்கார்ந்தோம். நான் ஒரு பத்தியைச் சொல்வேன், அவள் எழுத வேண்டும். நான் உதவக் கூடாது. நேரம் குறிக்க வேண்டும். தப்புகளைச் சிவப்பு மையில் வட்டமிட வேண்டும். ரிசோர்ஸ் டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து தேதி போட்டுக் கையெழுத்திடுவார். 'நான் அப்போதே சொன்னேனே' என்று அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அதற்கு நான் அவருக்கு இன்றைக்கும் கடன்பட்டிருக்கிறேன். முதல் நாள் ஏழு வரி எழுத நாற்பது நிமிடம் ஆயிற்று. சிவப்பு வட்டம் போடாத சொல் இரண்டோ மூன்றோதான். அவள் அந்தப் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இரண்டு வருடத்தில் அவளுக்குச் சிவப்பு மை போட்டது அன்றுதான்.

ஓணம் விடுமுறை வந்தது. நாள் வீணாகக் கூடாதென்று வீட்டில் பத்துப் பக்கம் எழுதிக்கொண்டு வரச் சொன்னேன். விடுமுறை முடிந்து வந்து நோட்டை நீட்டினாள். பத்துப் பக்கமும் பளிச்சென்று இருந்தது, ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. அவள் சொல்ல, பெஞ்சுத் தோழி தினமும் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து எழுதியிருக்கிறாள். எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "ஏன் இப்படி நல்லா எழுதிட்டு வந்தே?" என்று கத்தினேன். அறையில் இருந்த வேறு இரண்டு பிள்ளைகள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவள் மிரண்டுபோய், டாக்டர் பார்க்கிற நோட்டு இல்லையா, நன்றாக இருக்கட்டும் என்றுதான் என்றாள். நல்ல பக்கத்துக்காக ஒரு பிள்ளையைத் திட்டிய டீச்சர் இந்தக் கேரளத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அந்த நோட்டை அவளிடமே கொடுத்துவிட்டேன்.

அன்று அவளுக்கு விஷயத்தைச் சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது. உட்காரவைத்துச் சொன்னேன். உனக்கு எல்லாம் தெரியும், எழுதுவது மட்டும் வராது, அது உன் தப்பில்லை, ஆனால் அது தெரிகிற மாதிரி பக்கம் வேண்டும், அப்போதுதான் எழுத ஆள் கிடைக்கும். கெட்டிக்காரப் பெண், உடனே பிடித்துக்கொண்டாள். அதன் பிறகு அவள் தோழியிடம் நோட்டைக் கொடுக்கவில்லை. எழுதினாள், சிவப்பு வட்டங்களை வாங்கிக்கொண்டாள், பேசாமல் போனாள். அக்டோபர் கடைசியில் அறுபது பக்கம் சேர்ந்திருந்தது. வகுப்பில் அவள் குரல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டு வந்ததை நான் கவனிக்கவில்லை என்று சொல்ல முடியாது. கவனித்தேன். தேதி நெருங்கிக்கொண்டிருந்தது.

இரண்டாம் முறை மையத்துக்குப் போவதற்கு முன் பத்து நாள் நான் அவளைத் தயார் செய்தேன். 'என்ன கஷ்டம் என்று கேட்டால் என்ன சொல்வாய்' என்பேன். பழக்கத்தில் சொல்றதுதான் இஷ்டம் என்று ஆரம்பிப்பாள். இல்லை, எனக்கு எழுத வராது என்று சொல், அதை முதலில் சொல், பிறகு மற்றதைச் சொல் என்பேன். மெல்லிய குரலில் சொல்வாள். சத்தமாகச் சொல் என்பேன். சத்தமாகச் சொல்வாள். நான் ஒப்பிக்க வைப்பதை வெறுக்கிறவள். பதினெட்டு வருடத்தில் ஒரு பிள்ளையை ஒரே வாக்கியத்தை அத்தனை தடவை சொல்ல வைத்தது அந்தப் பத்து நாளில்தான்.

அந்த முறை எல்லாம் ஒழுங்காக நடந்தது. கேட்டதும் சொன்னாள், "எனக்கு எழுத வராது." மதிப்பீட்டாளர் அறுபது பக்கத்தையும் பொறுமையாகப் பார்த்தார். நான் கொடுத்த அறிக்கையைப் படித்தார். அதில் நான் இரண்டு வருடம் செய்ததையும் செய்யாமல் விட்டதையும் ஒளிக்காமல் எழுதியிருந்தேன். அரைப் பரீட்சைக்கு முன் சான்றிதழ் வந்தது. அம்மா அதை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, கணபதிக்குத் தேங்காய் உடைத்துவிட்டு என்னிடம் கொண்டுவந்து காட்டினார். மார்ச்சில் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து எழுத, அவள் சொல்லிச் சொல்லித் தேர்வு எழுதினாள். நல்ல கிரேடில் ஜெயித்தாள். அப்பா மறுபேச்சுப் பேசவில்லை. தோழியோடு அதே பள்ளியில் பிளஸ் ஒன் கிடைத்தது. நினைத்தபடியே அதே பஸ்.

நானும் பாடம் படித்துக்கொண்டேன். இப்போது எட்டாம் வகுப்புக்குப் புதிதாக வருகிற எல்லாப் பிள்ளைகளும் முதல் வாரம் ஒரு பக்கம் எழுத வேண்டும். நன்றாக எழுதுகிறவர், எழுதாதவர் எல்லோரும். நான் திருத்துவதில்லை. தேதி போட்டு ஸ்டாஃப் ரூம் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவேன். மாதம் ஒரு பக்கம் அதோடு சேரும். தேவைப்பட்டால் எடுக்கலாம், தேவைப்படாவிட்டால் பத்தாம் வகுப்பு முடிந்ததும் அவரவரிடம் கொடுத்துவிடலாம். பதிவேட்டில் ஏற்றுவதற்கும் இப்போது நான் தடை சொல்வதில்லை, சொற்பொழிவும் நடத்துவதில்லை. அட்டை மட்டும் அதே இடத்தில் இருக்கிறது.

அந்த வருடம் ஜூன் மாதம் அவள் மார்க் பட்டியல் வாங்க வந்தாள். அன்று எட்டாம் வகுப்பில் பூமியின் உள் அமைப்புப் பாடம். எனக்கு ஆசை வந்துவிட்டது. அப்பா கடையிலிருந்து முளைத்த காய் ஒன்று எடுத்துக்கொண்டு வா, இந்தப் பிள்ளைகளுக்கும் சொல் என்றேன். ஓடிப்போய் அரை மணி நேரத்தில் வந்தாள், தேங்காயும் பாத்திரமுமாக. வகுப்பு முன்னால் நிறுத்தினேன். புதுப் பிள்ளைகள் தேங்காயைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அவள் தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு, யாரும் எதுவும் கேட்பதற்கு முன்னால், சத்தமாக ஆரம்பித்தாள். "எனக்கு எழுத வராது. அதனால சொல்றேன்."

முன் பெஞ்சில் ஒரு சின்னப் பெண், மூன்று வாரம்தான் ஆகிறது என் வகுப்புக்கு வந்து, சுவரைக் காட்டினாள். "இங்க காரணம் சொல்லாண்டாம் அக்கா. அங்க எழுதிப் போட்டிருக்குல்லா."

அவள் சுவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். சொல்லு என்றேன். முன்பெல்லாம் யாரையும் கேட்காமலே சொல்லத் தொடங்குகிறவள், நான் அப்படிச் சொன்ன பிறகுதான் வாசற்படிக்குப் போய்த் தேங்காயைத் தட்டினாள்.